குத்துச்சண்டையில் கால்களுக்கான பாடம்

குத்துச்சண்டை கைகளின் விளையாட்டு என்றே எம்மில் பலர் எண்ணுகின்றனர். பயிற்சிக்கு வரும் சிறுவனும் முதல் நாளிலேயே கையுறை அணிந்து, தொங்கும் பயிற்சிப் பையைக் குத்தவே ஆசைப்படுகின்றான். பயிற்றுவிப்பாளர்கள் சிலர் அந்த ஆசைக்கு இணங்கியும் விடுகின்றனர். இதன் விளைவு உடனே தெரிவதில்லை. ஆனால், கால்களை நகர்த்தத் தெரியாதவன் தன்னை நோக்கி வரும் குத்துகளை என்றோ ஒருநாள் தலையால் தாங்கவேண்டி வரும்.

வலதுகைப் பழக்கமுள்ள வீரர் இடது காலை முன்னும் வலது காலைப் பின்னும் வைத்து நிற்பார். எத்திசையில் செல்கின்றாரோ அத்திசைக்கு அண்மையிலுள்ள கால் முதலில் நகர, மற்றையது அதே அளவு தொடர வேண்டும். கால்கள் ஒன்றையொன்று கடக்கவோ ஒட்டிக்கொள்ளவோ கூடாது. அக்கணத்தில் தோளில் இலேசாகத் தட்டினாலும் வீரர் தடுமாறுவார். ஓயாது துள்ளிக் கொண்டிருப்பதைக் கால் நகர்வென எண்ணுவோரும் உளர். அது பெரும்பாலும் வீண் களைப்பே.

இனி, கோணம் என்பது யாது? இருவரும் நேருக்கு நேர் நிற்கும்வரை குத்தும் வாய்ப்பு இருவருக்கும் சமமாகவே உள்ளது. ஒருவர் பக்கவாட்டில் ஓரடி வைத்து, முன்காலை அச்சாகக் கொண்டு உடலைத் திருப்புவாராயின் நிலைமை மாறுகின்றது. அவரது இரு கைகளும் எதிராளியை எட்டும். எதிராளியோ தன் கால்களை மீண்டும் திருப்பி அமைத்த பின்னரே வலுவாகக் குத்த முடியும். அந்தச் சொற்ப நேரமே கோணம் தரும் இலாபம். எனினும் வெறுமனே விலகி நடந்தால் எதிராளியும் கூடவே திரும்பிவிடுவார். முன்கையால் விரைவாக ஒரு நேர்க்குத்து விட்டு, அவர் அதைத் தடுக்க முனையும் வேளையிலேயே கால் நகர வேண்டும். கற்பிப்பதற்குக் கடினமான பகுதி இதுவே.

1964 பெப்ரவரி 25 அன்று மியாமி பீச்சில் சொனி லிஸ்டனை எதிர்த்த இளைஞர் கெசியஸ் கிளே, லிஸ்டனின் பலம்வாய்ந்த இடதுகைக்கு எட்டாமல் சுற்றிச் சுற்றி நகர்ந்தார். ஏழாவது சுற்றுக்கு லிஸ்டன் ஆசனத்தை விட்டு எழவில்லை. அடுத்த மாதமே கிளே, முஹம்மது அலி ஆனார். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் 1967 முதல் 1970 வரை அவர் மேடையேற முடியவில்லை. திரும்பி வந்தபோது கால்களில் பழைய வேகம் இருக்கவில்லை. 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று போர்மனின் குத்துகளை வாங்கியே அவரைக் களைப்படையச் செய்து வென்றதை உலகம் இன்றும் வியந்து பேசுகின்றது. அவ்வியப்பு நியாயமானதே. ஆயினும் அதனைப் பாடமாகக் கற்பிப்பது தவறு என்பதே எமது கருத்து. 1984இல் அலிக்கு பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. குத்துகள்தாம் அதற்குக் காரணமா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூளை மீண்டும் மீண்டும் அதிர்வது தீங்கு என்பதில் அத்தகைய வேறுபாடு இல்லை.

அண்மைக்கால உதாரணம் உக்ரேனிய வீரர் வசீல் லொமச்சென்கோ. அவரைப் பயிற்றுவித்த தந்தை அனத்தோலி, சிறுவயதில் மகனின் குத்துச்சண்டைப் பயிற்சியைச் சில ஆண்டுகள் நிறுத்தி உக்ரேனிய நடனம் பயில வைத்தார். அம்மகன் 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றார். இடதுகை வீரரான அவர், எதிராளியின் முன்காலுக்கு வெளிப்புறமாகத் தன் முன்காலை வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அவரது தோளருகே நிற்பார். 2017இல் இரு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற கியூபாவின் ரிகொண்டியோவே ஆறு சுற்றுகளுடன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

எல்லாச் சிறுவரையும் நடனத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் கையுறையே வேண்டாம். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு வரைந்து, கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு காலாக வைத்து முன்னும் பின்னும் நகரச் செய்யலாம். பின்னர் இருவரை எதிரெதிரே நிறுத்தி, விரித்த கையால் மற்றவரின் தோளை மட்டும் தொடச் சொல்லலாம். தலையைத் தொடுதல் கூடாது. பயிற்சிப் பைக்கு வரும்போதும், இரண்டு குத்துகளுக்குப் பின் அதே இடத்தில் நிற்பவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இவற்றைப் பயிற்சியின் முடிவிலும் ஒருமுறை செய்விப்பது அவசியம். களைத்த பின்னரே கால்கள் ஒன்றையொன்று கடக்கத் தொடங்குகின்றன.