தப்பு வந்தால் வரட்டும், எழுது தம்பி!
மாணவர்களை லண்டனுக்கு அழைக்கும் இங்கிலீஷ் போட்டி

"இங்கிலீஷில் சொந்தமாக நாலு வரி எழுது" என்றால் பல பசங்களுக்குக் கை நடுங்கும். பசு மாட்டுக்கு நாலு கால், இரண்டு கொம்பு என்று நெட்டுருப் போட்டதை மட்டும் கடகடவென்று எழுதுவார்கள். கேள்வி கொஞ்சம் மாறினால் போச்சு! பேனா நின்றுவிடும்.

"தப்பா எழுதினா கிளாஸே சிரிக்கும்" என்ற பயம்தான் காரணம். இதற்கு நல்ல மருந்து எழுத்துப் போட்டி. அதில் ஒன்றுக்கு வயது 140-ஐத் தாண்டிவிட்டது!

ஒரு பைசா கட்டணம் இல்லை

லண்டனில் உள்ள ராயல் காமன்வெல்த் சொசைட்டி 1883-ல் தொடங்கிய போட்டி இது. பெயர், 'ராணியின் காமன்வெல்த் கட்டுரைப் போட்டி'. எலிசபெத் ராணி 2022-ல் காலமான பிறகும் போட்டி தொடர்கிறது.

காமன்வெல்த்தில் 56 நாடுகள். இந்தியாவும் உண்டு. போர்ச்சுகீசிய மொழி வழங்கும் மொசாம்பிக்கும் உண்டு. ஆக, வீட்டில் வேறு பாஷை பேசிவிட்டுப் பள்ளியில் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் ஏராளம்.

14 வயதுக்குக் கீழே ஜூனியர். 14 முதல் 18 வரை சீனியர். ஜூனியருக்கு 750 வார்த்தை, சீனியருக்கு 1,500 வார்த்தை உச்சவரம்பு. பெயர்தான் கட்டுரைப் போட்டி. கதை, கவிதை, கடிதம், நாடகம் என்று எப்படியும் எழுதலாம். முதலிடம், இரண்டாமிடம் பெறுவோரை வழக்கமாக லண்டனுக்கே அழைத்துப் பரிசு தருகிறார்கள்.

கைடில் கிடைக்காது

தலைப்பு ஆண்டுதோறும் மாறும். கைடு புத்தகத்தில் விடை இருக்காது. பையன் தன் வாழ்க்கையைத்தான் புரட்ட வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததே, அம்மா அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றினாளே, அதை லண்டன் நடுவரால் எழுத முடியுமா? வியாசர்பாடிப் பையன்தான் எழுத முடியும்! முதலில் கதையை எழுதி முடிக்கட்டும். இலக்கணத்தை அப்புறம் உட்கார்ந்து திருத்தலாம்.

புரசைவாக்கத்துப் பையன்

புரசைவாக்கத்தில் வளர்ந்த ஒரு பையன் கல்லூரி நுழைவுத் தேர்வில் கோட்டை விட்டான். அவர்தான் ஆர்.கே. நாராயண்! 1935-ல் வந்த அவருடைய முதல் நாவல், சுவாமி என்ற பள்ளிக்கூடப் பையனின் கதை. 1960-ல் சாகித்ய அகாடமி பரிசும் தேடி வந்தது. பரீட்சையில் போனவர், பேனாவில் ஜெயித்தார்.

பெற்றோரே, உஷார்!

போட்டி என்ற பெயரில் பணம் பிடுங்குகிறவர்களும் உண்டு. நுழைவுக் கட்டணம் கேட்பார்கள். "உங்க பிள்ளை கதை புத்தகத்துல வருது, அஞ்சு காப்பி வாங்குங்க" என்பார்கள். எழுதிய அத்தனை பேருக்கும் அதே பாராட்டுக் கடிதம்தான் போகும்! பணம் கேட்டால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரியுங்கள். கடைசித் தேதியையும் போட்டி நடத்துகிறவர்களிடமே நேராகக் கேளுங்கள்.

இன்னொன்று. டியூஷன் மாஸ்டரோ கம்ப்யூட்டரோ எழுதிக் கொடுத்ததைப் பையன் பெயரில் அனுப்பினால் அது மோசடி. பரிசே வந்தாலும் பயம் போகாது. மறுநாள் வகுப்பில் பேனா மறுபடியும் நின்றுவிடும்.

சொந்தமாக ஒரு பக்கம் எழுதியவனுக்கு லண்டன் டிக்கெட் கிடைக்காமல் போகலாம். ஆனால் அடுத்த பக்கம் எழுதக் கை நடுங்காது!