டிராக்டர் இழுக்கவில்லையா? இன்ஜினைப் பிரிக்கும் முன் புகையைப் பாருங்கள்

சேறடிக்கும் நேரத்தில்தான் பழைய டிராக்டரின் குறை வெளியே தெரியும். கோடை உழவில் இரண்டாவது கியரில் போன வண்டி, நாற்று தயாராகி நிற்கும் வாரத்தில் முதல் கியருக்கே முனகும். ரோட்டவேட்டரை இறக்கினால் வேகம் விழுந்து நின்றுபோகும். பட்டறைக்குக் கொண்டுபோனால், ‘போர் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்’ என்ற பதில் பெரும்பாலும் தயாராக இருக்கும்.

ஸ்லீவ், பிஸ்டன், ரிங், பேரிங், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்ந்தால் சிறு விவசாயிக்கு ஒரு போகத்தின் லாபம் போய்விடும். வண்டி பட்டறையில் நிற்கும் நாள்கள் அதைவிடப் பெரிய இழப்பு. குறுகிய கால ரக நாற்று முதிர்ந்துவிட்டால் நட்ட பிறகு தூர் கட்டுவது குறையும். உரம் போட்டு அதை ஈடுகட்ட முடியாது. உழவியல் படித்த நான் இன்ஜினைப் பற்றி எழுத இதுதான் காரணம். வயல்களில் நான் பார்த்த வரை, 15, 20 ஆண்டு ஓடிய வண்டிகளில் இழுவை குறைந்ததற்குக் காற்று போகும் வழியும் டீசல் போகும் வழியும்தான் பெரும்பாலும் காரணமாக இருந்தன. இரண்டையும் இன்ஜினைத் திறக்காமலே பார்க்கலாம். இங்கே சொல்வது சாதாரண டீசல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டுமே. கணினி கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் இன்ஜினில் டீசல் குழாய்களைக் கழற்றக் கூடாது.

முதலில் குறை இன்ஜினில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சுமையில் இன்ஜின் சத்தம் ஏறி, வண்டி நகராமல், கருகிய வாடை வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அரை மணி நேரம் ஓட்டிய பின் ஒரு பக்க பிரேக் டிரம் மட்டும் கொதித்தால், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். சேற்றில் உழைத்த வண்டியில் இது சகஜம்.

சக்கரம் வழுக்குவதையும் பலர் இன்ஜின் மேல் பழி போடுகிறார்கள். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு வயலில் ஓட்டி, 10 சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி அதே 10 சுற்று. முதலில் 40 மீட்டரும் அடுத்து 34 மீட்டரும் போனால் வழுக்கல் 15 சதவீதம். உலர் உழவில் அந்த அளவு பரவாயில்லை. 30 மீட்டர்தான் போகிறது என்றால் டீசலில் கால்பங்கு சக்கரத்தடியில் வீணாகிறது. இன்ஜினைச் சரிசெய்து அதைத் தீர்க்க முடியாது. டயரின் பட்டை தேய்ந்திருக்கும், அல்லது பின்பக்க எடை போதாது. கல்டிவேட்டரின் கொழு மழுங்கியிருந்தாலும், பதம் தாண்டி இறுகிய களிமண்ணில் இறங்கினாலும் நல்ல வண்டியே திணறும்.

அடுத்து ஆக்சிலேட்டர். ஒருவர் இருக்கையில் அமர்ந்து கை லீவரை முழுதாக இழுக்கட்டும். இன்னொருவர் டீசல் பம்பில் உள்ள லீவர் அதன் தடுப்புத் திருகில் போய் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்புக் கம்பி தேய்ந்து ஒரு விரற்கடை குறைந்தால்கூட முழு வேகம் கிடைக்காது. செலவே இல்லாத இந்தச் சோதனையைப் பட்டறைகளில்கூடப் பலர் செய்வதில்லை.

இனி புகை. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின், சுமையில் ஓடும்போது சைலன்சரைப் பாருங்கள். இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது என்றால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. அல்லது நாசில் டீசலைத் தூவாமல் ஒழுகவிடுகிறது. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசலே போதவில்லை. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் டீசலில் தண்ணீர், பம்ப் டைமிங், அமுக்கக் குறைவு, ஹெட் கேஸ்கெட் கசிவு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வரும் வெண்புகைக்குப் பயப்பட வேண்டாம். நீலப்புகை, இன்ஜின் ஆயில் எரிவதன் அடையாளம்.

கரும்புகை வண்டியில் ஏர் கிளீனரிலிருந்து தொடங்குங்கள். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். மணிக்கு 4 லிட்டர் குடிக்கும் வண்டி, நம் புழுதி வயலில் அத்தனை காற்றையும் அந்த ஒரு கிளீனர் வழியாகத்தான் இழுக்கிறது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் அடியில் ஆயில் கிண்ணம் உள்ள வகை இருக்கும். புழுதி உழவு, கதிரடிப்பு நாள்களில் அந்தக் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு படிந்து, ஆயில் கூழாகியிருந்தால் கொட்டிவிட்டு, கழுவித் துடைத்து, கோடு வரைக்கும் புதிய ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றுவது ஆபத்து. இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, கட்டுக்கு அடங்காமல் ஓடும். மேலே உள்ள கம்பி வலையைக் கிண்ணம் கழுவும் பலரும் மறந்துவிடுகிறார்கள். டீசலில் அலசி, நன்றாக வடியவிட்டு மாட்டுங்கள். காகித வடிகட்டி இருந்தால் தண்ணீரிலோ டீசலிலோ நனைக்கக் கூடாது. உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் காற்றடிக்கலாம். தரையில் ஓங்கித் தட்டினால் காகிதம் கிழியும்.

ஏர் கிளீனருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸையும் தடவிப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தால் இழுவை உடனே குறையாது. ஆனால் வடிகட்டாத புழுதி நேராக சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் ஸ்லீவையும் அரைக்கும். போர் உண்மையிலேயே சீக்கிரம் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் சைலன்சருக்குள் குளவிக் கூடு இருந்து, வெளியேறும் வழி அடைபட்டும் கரும்புகை வரும். ரேடியேட்டர் கண்ணில் வைக்கோல் தூசி அடைத்து இன்ஜின் கொதித்தாலும் இழுவை குறையும்.

புகையில்லாமல் திணறும் வண்டிக்கு டேங்க் மூடியிலிருந்து தொடங்க வேண்டும். டெல்டா பகுதியில் ஒரு வண்டி காலையில் நன்றாகக் கிளம்பி, 20 நிமிடத்தில் இழுவை குறைந்து நிற்கும். சிறிது நேரம் விட்டால் மறுபடி ஓடும். இன்ஜினைப் பிரிக்க முன்பணமே கொடுத்துவிட்டார்கள். வண்டி நின்ற நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்தபோது ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் மூச்சுத் துளையில் சேறு. துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ததும் வண்டி அன்றே வேலைக்குப் போனது. சிறிது நேரம் ஓடி, பின் நின்று, தானாகச் சரியாகும் எந்த வண்டியிலும் இதை முதலில் பாருங்கள்.

மூடி சரியாக இருந்தால் டேங்க் அடியில் உள்ள சல்லடை, பீட் பம்ப் கிண்ணம், டீசல் பில்டர்கள் என்று வரிசையாகப் போகலாம். பில்டருக்குள் நுழையும் குழாயைக் கழற்றி, கை பிரைமரை அழுத்தினால் டீசல் தடையின்றிப் பீய்ச்ச வேண்டும். மெலிந்து வந்தால் பின்னால் அடைப்பு. குமிழியோடு வந்தால் எங்கோ காற்று நுழைகிறது. இணைப்புகளில் உள்ள வாஷர்களை மாற்றிப் பாருங்கள். டேங்க் உயரத்தில் உள்ள வண்டியில் அந்த இடம் ஈரமாகக் கசியும். டேங்க் பம்புக்குக் கீழே இருந்தால் கசிவே தெரியாது, காற்றை மட்டும் இழுக்கும். பில்டர் மாற்றிய பின் காற்றை வெளியேற்றாவிட்டால் பழைய குறையே திரும்ப வரும். மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பிவிட்டால் இரவில் உள்ளே நீர் வேர்ப்பது குறையும். காலையில் கிளப்பும் முன் பில்டர் அடித் திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வடியுங்கள்.

காற்றும் டீசலும் சரி, அப்போதும் இழுவை இல்லை என்றால் சிலிண்டர்களைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மெதுவாக ஓடும் இன்ஜினில் ஒரு நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் சத்தம் மாறி வேகம் விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அதன் நாசிலைப் பக்கத்து நாசிலோடு மாற்றி மாட்டுங்கள். குறை கூடவே இடம் மாறினால் நாசில்தான் காரணம். அதே சிலிண்டரில் நின்றால் டீசல் பம்ப், வால்வு, ரிங் ஆகியவற்றில் தேட வேண்டும். இதைத் தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கையை நீட்டினால் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு புள்ளி போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. கண்ணாடியும் கட்டாயம்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். டீசல் பம்பின் சீலை உடைத்துத் திருகை ஏற்றி, ‘இப்போது பாருங்கள் இழுவையை’ என்பார்கள். இரண்டு நாள் இழுக்கும். காற்று போதாத இன்ஜினில் டீசலைக் கூட்டினால் கரும்புகையும் சூடும் கூடி, பிஸ்டனும் ஹெட்டும் பழுதாகும். பம்ப் வேலையை டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடையில் மட்டும் கொடுங்கள்.

போர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அதற்கும் தெளிவான அடையாளங்கள் உண்டு. நீலப்புகை நிற்காது. ஆயில் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கும். சுமையில் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினால் புகை குப்குப்பென்று தள்ளும். அப்போதும் முதலில் டேப்பட் இடைவெளியை, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள். கேஜ் இல்லாமல், காதால் கேட்டே போர் போய்விட்டது என்று சொல்லும் பட்டறையில் வண்டியைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். எல்லா சிலிண்டரும் புத்தக அளவுக்கு வெகுவாகக் கீழே இருந்தால் வேலை தவிர்க்க முடியாது. வண்டி இழுக்கும் வரை இந்தப் போகத்தைக் கடத்தி, நடவுக்கு வாடகை வண்டியும் துணைக்கு வைத்துக்கொண்டு, அறுவடை முடிந்த பின் கோடையில் அந்த வேலையைச் செய்யலாம். அப்போது ஏர் கிளீனர் ஹோஸையும் கிளாம்பையும் சேர்த்தே புதிதாக மாற்றுங்கள். வேலை முடிந்ததும் முதல் 50 மணி நேரம் ரோட்டவேட்டரில் முழுச் சுமை கொடுக்காமல், நடுத்தரச் சுமையில் ஓட்டி, ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்ற வேண்டும்.