ஐந்து துளையில் ஏழு ஸ்வரம்!

பஞ்சபூதத் தலங்களில் காற்றுக்கு உரியது காளஹஸ்தி. கருவறைக்குள் காற்று நுழையச் சாளரம் கிடையாது. ஆனாலும் அங்கே எரியும் விளக்குகளில் ஒன்றின் சுடர் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். வாயு லிங்கத்தின் மூச்சுக்காற்று அது என்பது பக்தர்களின் நம்பிக்கை.

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. விடுமுறை நாளில் ராகு-கேது பூஜைக்காகத் திருப்பதியிலிருந்து பஸ் ஏறி வரும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சுவாமி தரிசனம் முடிந்து திரும்பும்போது பிள்ளைக்கென்று ஒரு மூங்கில் குழல் வாங்காத தகப்பனார் உண்டா? வீட்டுக்கு வந்ததும் பிள்ளை ஊதுவான். பிறகு தகப்பனாரும் ரகசியமாக ஊதிப் பார்ப்பார். சத்தம் வரும், ஸ்வரம் வராது. "குழல் சரியில்லை" என்று பரண் மேல் போட்டு விடுவார்.

குழல் மீது பழி போடுவதற்கு முன், ஜப்பானியரின் மூங்கில் குழலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரிலேயே நீளம்

அந்தக் குழலின் பெயர் 'ஷாகுஹாச்சி'. 'ஷாகு' என்பது ஜப்பானியரின் பழைய அடிக்கணக்கு. 'ஹாச்சி' என்றால் எட்டு. ஒரு ஷாகுவும் எட்டுப் பங்கும் சேர்ந்தது அதன் நீளம். நம் கணக்கில் சுமார் 54 சென்டிமீட்டர். மூங்கிலின் வேர்ப்பக்கத்தை வைத்துச் செய்வார்கள். நம் புல்லாங்குழலைப் போலக் குறுக்கே பிடிப்பதில்லை. நாகஸ்வரத்தைப் போல நேராகப் பிடித்து, மேல் முனையில் சீவிய விளிம்பில் ஊதுவார்கள்.

ஒரு காலத்தில் அது துறவிகளின் வாத்தியம். தலையை முழுவதும் மூடும் கூடைத் தொப்பி அணிந்து, தெருத் தெருவாக ஊதிப் பிச்சை ஏற்றார்கள். 1871-ல் ஜப்பான் அரசு அந்தத் துறவிப் பிரிவை ஒழித்தது. குழல் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1977-ல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில், கோரோ யமகுச்சி வாசித்த ஷாகுஹாச்சி இசையும் இடம்பெற்றது.

இல்லாத நான்கு ஸ்வரங்கள்

நம் கர்நாடகக் குழலில் விரல் துளைகள் எட்டு. ஷாகுஹாச்சியில் ஐந்தே ஐந்து. முன்னால் நான்கு, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. எல்லாவற்றையும் மூடி ஊதினால் ஸட்ஜம். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால் ஸ, க, ம, ப, நி என்று ஐந்து ஸ்வரங்கள். அதற்கு மேல் மறுபடி ஸட்ஜம். நம் காதுக்கு அது அசல் சுத்த தன்யாசி!

மேல்நாட்டாரின் 'மேஜர் ஸ்கேல்' என்பது நம் சங்கராபரணத்தின் ஸ்வர வரிசை. மேளகர்த்தாக்களில் 29-வது. அதற்கு வேண்டிய ரி, பெரிய க, த, பெரிய நி ஆகிய நான்கும் அந்தக் குழலில் திறந்த துளையில் கிடையாது. அப்படியானால் எப்படி வாசிக்கிறார்கள்?

தலையை ஆட்டித்தான்! முகவாயைத் தாழ்த்தினால் ஸ்வரம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். தாழ்த்துவதற்கு 'மெரி', நிமிர்த்துவதற்கு 'காரி' என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இல்லாத அந்த நான்கு ஸ்வரங்களும், இருக்கிற ஸ்வரங்களுக்குச் சரியாக அரை ஸ்தானம் கீழே நிற்கின்றன. துளையைப் பாதி மூடி, முகவாயைத் தாழ்த்தினால் மேலே உள்ள ஸ்வரம் கீழே இறங்கி வந்துவிடும்.

கிரகபேதம் செய்தால் இன்னும் சுலபம். நி ஒலிக்கும் இடத்தையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், திறந்த துளைகள் சுத்த சாவேரி பேசும். சங்கராபரணத்துக்கு க, நி இரண்டு மட்டுமே பாக்கி.

சிரமம் எங்கே?

ஸ்வரம் கிடைப்பது சிரமமல்ல. எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் ஒலிப்பதுதான் சிரமம். தாழ்த்திப் பிடித்த ஸ்வரம் மங்கலாக ஒலிக்கும். பழைய ஜப்பானியப் பாட்டுக்கு அந்த மங்கலே அழகு. சங்கராபரணத்துக்கோ ஏழும் பளிச்சென்று நிற்க வேண்டும். இதற்காக ஏழு துளைக் குழலையும் செய்து பார்த்தார்கள். ஆனாலும் ஐந்து துளைக் குழலை வித்வான்கள் கைவிடவில்லை. அடி ஸட்ஜத்தை நீளமாக ஊதும் சாதகமே அவர்களுக்கு அன்றாடப் பாடம்.

நம் வித்வான்கள் கதையும் அதுவே. கும்பகோணம் சரப சாஸ்திரி முதல் மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம் வரை, பாதித் துளையும் உதடும் மூச்சும் கொண்டுதான் மூங்கிலில் கமகத்தை வரவழைத்தார்கள்.

தீட்சிதர் காட்டிய வழி

காளஹஸ்தீசர் மீது உசேனி ராகத்தில் கீர்த்தனை பாடியவர் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835). அதே தீட்சிதர்தான் ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரண ஸ்வரங்களில் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். அவையே நோட்டு ஸ்வரங்கள். இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு அவரிடம் 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. கமகம் இல்லாத எளிய மெட்டுகள். புதிதாகக் குழல் பழகுபவருக்கு ஏற்றவை.

ஆகவே, பரண் மேல் கிடக்கும் குழலைக் கீழே இறக்கலாம். ஆபீஸ் விட்டோ, ஷிப்டு முடிந்தோ வந்த பிறகு பத்து நிமிடம் போதும். முதலில் ஒரே ஒரு ஸட்ஜம், மூச்சு உள்ளவரை. அது ஆடாமல் நின்றால் அடுத்தது ரிஷபம். கூடவே ஒரு சுருதிப் பெட்டி ஒலித்தால் தப்பு உடனே காதில் படும். ஸ்வரம் நழுவினால் குழலைக் கோபிக்காமல், உதட்டருகே சற்றே உள்ளும் வெளியும் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே திருப்பினால் இறங்கும். வெளியே திருப்பினால் ஏறும்.

துளைகளைப் போடுவது குழல் செய்பவர் வேலை. ஸ்வரத்தைப் பிடிப்பது ஊதுபவர் வேலை. சாளரமே இல்லாத கருவறையில் சுடரை ஆட்டும் காற்று, ஐந்து துளை இருந்தால் ஏழு ஸ்வரம் பாடாதா என்ன?