மலையாற்றில் தெப்பம் இறக்குமுன்

கொழும்பை அண்மிக்கும் களனி கங்கை அகன்று, அமைதியாக ஓடும். அதே கங்கை கித்துல்கலையில் பாறைகளுக்கு நடுவே நுரைத்துச் சீறிப் பாய்கின்றது. காற்றடைத்த றப்பர் தெப்பத்தில் சிலர் துடுப்புகளுடன் அமர்ந்து இந்நீரில் இறங்குவது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. எமது இளைஞர்களும் உல்லாசமாகவோ வேலை தேடியோ அங்கு செல்லக்கூடும். குளத்தில் நீந்தப் பழகியவர்கள் இதனையும் வெறும் தண்ணீர்தானே என்று எண்ணிவிடக் கூடாது.

இத்தகைய நீரோட்டங்களின் கடுமையை உலகெங்கும் 6 தரங்களாக வகுத்துள்ளனர். முதலாம் தரம் ஏறக்குறைய எமது வாய்க்கால் ஓட்டம் போன்றது. மூன்றாம் தரத்தில் அலைகள் ஒழுங்கின்றி எழும்; துடுப்புப் போடத் தெரிந்த ஒருவர் வழிநடத்த வேண்டும். ஐந்தாம் தரம் நீண்ட பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். ஆறாம் தரத்தில் அவர்களும் பெரும்பாலும் இறங்குவதில்லை. கித்துல்கலையில் வழமையாகக் காணப்படுவது இரண்டாம், மூன்றாம் தரங்களே.

ஆனால் தரம் என்பது ஆற்றில் எழுதி ஒட்டிய பெயர்ப்பலகை அன்று. குளம் வான் பாயும் நாளில் அதே வாய்க்கால் எப்படி மாறிவிடுகின்றது என்பதை நாம் அறிவோம். நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கித்துல்கலைக்கு மேலே காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் அவற்றைச் சார்ந்த மின்நிலையங்களும் உள்ளன. அங்கிருந்து நீர் விடப்படும்போது, மழையே பெய்யாத நாளிலும் ஆறு உயரும். பாறையில் துணி துவைப்பவருக்கும் குளிப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு. தென்மேல் பருவமழைக் காலத்தில் இன்னும் கவனம் தேவை.

ஆகவே பயணத்தைத் திட்டமிடுவோர் அன்று காலை கரையில் நின்று ஆற்றைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். குழுவில் மிகப் பலவீனமானவர் யாரோ அவருக்கு ஏற்ற தரத்தையே தெரிவு செய்ய வேண்டும். தெப்பம் கவிழ்ந்தால் எவ்விடத்தில் கரையேறலாம், வீதி எவ்வளவு தூரம் என்பதையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். உதவி எட்டாத பள்ளத்தாக்கானால் அந்த ஆற்றை ஒரு தரம் கூட்டியே மதிப்பிடுவது நல்லது.

வளைவுக்கு அப்பால் தெரியாவிட்டால் கரையால் நடந்து சென்று பார்த்துவர வேண்டும். விழுந்து கிடக்கும் மரத்தின் கிளைகளூடாகத் தண்ணீர் போய்விடும், மனிதன் சிக்கிக்கொள்வான். அணைக்கட்டு இன்னும் பொல்லாதது. மேலிருந்து பார்க்கச் சாதுவாகத் தோன்றும். கீழே விழும் நீரோ சுருண்டு மீண்டும் அணையை நோக்கியே இழுக்கும். அதில் அகப்பட்டவர் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தாலும் வெளியேறுவது கடினம்.

தெப்பத்திலிருந்து விழுந்தவர் வேகமான நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் கற்களுக்கிடையே மாட்டினால் நீர் முதுகில் அழுத்தி முகத்தைத் தாழ்த்திவிடும். மல்லாந்து மிதந்து, கால்களை முன்னே உயர்த்தி, பாறைகளைப் பாதங்களால் தள்ளிச் செல்ல வேண்டும். எறியப்படும் கயிற்றைக் கையில் பிடிக்கலாம். உடலில் சுற்றக் கூடாது.

அங்கியும் தலைக்கவசமும் அளவாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்தபின் வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இன்று தண்ணீர் எவ்வளவு? மேலே எப்போது நீர் விடுவார்கள்? "ஒன்றும் நடக்காது, ஏறுங்கள்" என்பதே மறுமொழியானால் அவருடைய தெப்பத்தில் ஏற வேண்டாம்.