ஓலையில் விலை, தாளில் பெயர்

நாகர்கோவில் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஓர் அச்சகத்துக்குள் நுழைந்து மேசையில் கிடக்கும் காகிதங்களைப் புரட்டினால் போதும், ஊரின் ஓராண்டு வாழ்க்கை கைக்கு வந்துவிடும். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், சபை அசன விருந்துத் துண்டறிக்கை, பால் சங்கத்துக்கு ரசீதுப் புத்தகம், ஏப்ரல் 14 வந்தால் அம்பேத்கர் படம் போட்ட சுவரொட்டி, எந்த மாதத்திலும் நிற்காத கண்ணீர் அஞ்சலி. ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து இறப்பது வரை அவன் பெயர் எத்தனை முறை அச்சேறுகிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அச்சேறாமல் போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பழைய திருவிதாங்கூரின் முதல் அச்சகம் இந்த நாகர்கோவிலில்தான் தொடங்கியது. 1820களின் தொடக்கம் அது. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் காலத்து அரசு அச்சகம் அதற்குப் பிறகு வந்தது. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். அந்த ஒரு வரியிலும் லண்டன் மிஷன் இருக்கும், சார்லஸ் மீட் ஐயர் இருப்பார். அவர்கள் இங்கு வருவதற்குக் காரணமாக இருந்த மயிலாடிக்காரர் இருக்கமாட்டார்.

மயிலாடி என்றால் இன்று கல்சிற்பம் நினைவுக்கு வரும். அந்த ஊரில் சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டவர் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே கிறிஸ்தவ போதனையைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தரங்கம்பாடியில் இருந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியரைத் தம் ஊருக்கு வரும்படி அழைத்தவர் அவரே. 1806இல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டுப் புறப்பட்டுப் போனதும், மீட் வந்து சேரும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சபைகளைப் பார்த்துக்கொண்டவர் வேதமாணிக்கம். வெள்ளைக்காரர் யாருமே இல்லாத இரண்டு ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். 1818இல் மீட் வந்தார். மயிலாடியில் தொடங்கிய பள்ளி நாகர்கோவிலுக்கு மாறியது. அதன் வழிவந்ததே இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. பள்ளிக்கூடம் என்றால் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சு வேண்டும். தரங்கம்பாடியில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1713 வாக்கில், தமிழ் அச்சு ஓடத் தொடங்கியிருந்தது. அங்கிருந்தே நாகர்கோவிலுக்கு அச்சு இயந்திரம் வந்தது.

அச்சு வருவதற்கு முன்னால் நாஞ்சில் நாட்டில் நம் முன்னோர் பெயர் எழுதப்படவே இல்லையா என்றால், எழுதப்பட்டிருக்கிறது. அழகியபாண்டிபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை முதலியவர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் மாவட்டத்து ஆய்வாளர் அ.கா.பெருமாள் அவற்றை நூலாகவே பதிப்பித்தார். நிலம், வரி, கோயில், வழக்கு என்று பல சங்கதி அந்த ஓலைகளில் உண்டு. அடிமைகளை விற்ற ஆவணங்களும் உண்டு. வயலை விற்பது போல ஆளை விற்றிருக்கிறார்கள். திருவிதாங்கூரில் ஓர் அடிமையை விற்கலாம், ஒற்றிக்கு வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். 1836இல் எடுத்த கணக்கில் மொத்த மக்கள் 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேரில் ஒருவர். பறையர், புலையர், குறவர் என்று நிலத்தில் இறங்கி வேலை செய்த சாதிகள்தாம் அந்தக் கணக்கில் பெரும்பங்கு. அவர்களுடைய பெயர் எழுத்தில் வந்ததென்றால் விலையோடு சேர்ந்து வந்தது.

இந்த நாட்டில்தான் ஈய எழுத்துப் பெட்டி வந்து இறங்கியது.

இன்றைய மாணவர்களுக்குக் கையால் அச்சுக் கோக்கும் வேலை தெரியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். சரிந்து நிற்கும் பெரிய மரப்பெட்டியில் சிறுசிறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. தமிழுக்கு உயிர்மெய்யும் கொம்பும் காலும் சேர்த்து ஆங்கிலத்தைவிட அறைகள் அதிகம். கம்பாசிட்டர் இடக்கையில் ‘ஸ்டிக்’ என்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வரிசையில் நிறுத்துவார். எழுத்து எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலம் மாறி நிற்கும். அப்படியே வாசித்துப் பழக வேண்டும். வரி நிறைந்ததும் தட்டில் ஏற்றி, நூலால் கட்டி, மை தடவி, ஈரத்தாளில் ஒரு படி எடுத்துப் பிழை பார்ப்பார்கள். அச்சு முடிந்ததும் ஒவ்வோர் எழுத்தும் திரும்ப அதன் அறைக்கே போக வேண்டும். மாற்றிப் போட்டால் மறுநாள் ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் ‘த’ வந்து நிற்கும்.

மீட் நடத்திய தொழில் பள்ளியில் மாணவர்கள் அச்சும் புத்தகக் கட்டும் கற்றார்கள். சந்தைத் தெருவில் நடக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் படித்த பள்ளிகள் அவை. வேதப் பகுதிகள், ஞானப்பாட்டுகள், பள்ளிப் பாடங்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று அந்த அச்சகம் தந்தது பெரும்பாலும் மதம் சார்ந்ததே. மதம் பரப்ப வந்தவர்கள் மதத்தைத்தான் அச்சடிப்பார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஞானப்பாட்டை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றவன் நிலவரி ரசீதையும் வாசிப்பான், கடன் சீட்டையும் வாசிப்பான். பண்ணையாருக்குச் சங்கடம் தொடங்குவது அங்கேதான்.

மிஷன் சாதி இல்லாத சொர்க்கமாக இருந்தது என்று எழுதுவது எளிது, அது உண்மையில்லை. சபைகளில் நாடார்கள் பெரும்பான்மை, சாம்பவர்கள் சிறுபான்மை. மயிலாடியிலிருந்து புறப்பட்ட கதையில் மயிலாடிக்காரரின் சாதி பின்வரிசைக்குப் போனதை இந்த மாவட்டத்துச் சபை வரலாறுகளை வாசிக்கும் யாரும் காணலாம். தோள்சீலைப் போராட்டம் 1822இல் தொடங்கி, 1859 ஜூலை 26 அரசாணை வரை, நாடார் பெண்களின் வீரத்தால் நடந்தது. அதை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதே ஆண்டுகளில் வயல்வரப்பில் மார்பை மறைக்க ஒரு துண்டு இல்லாமல் நின்ற சாம்பவப் பெண்ணும் புலையப் பெண்ணும் எந்த மேடையில் நினைக்கப்படுகிறார்கள்?

மிஷனரிகள் சேர்ந்து 1847இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு அடிமை ஒழிப்பு வேண்டி மனு கொடுத்தார்கள். 1853இல் அரசு அடிமைகளின் பிள்ளைகளுக்கு விடுதலை வந்தது. 1855இல் அடிமைமுறையே சட்டத்தால் நீங்கியது. காகிதத்தில் நீங்கியது எல்லாம் களத்துமேட்டில் நீங்கிவிடாது என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சற்று முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1852இல் மனைவியை இழந்திருந்த மீட் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் லோயிஸ் பிடுல்ஃப். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். மிஷன் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் செலவை இங்கிலாந்தில் யாராவது ஏற்றால், அந்தப் புரவலரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அப்போது வழக்கம். லோயிஸ் நம் பெண். சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்த தேவவரம் முன்ஷியின் மகள். முப்பது ஆண்டுக்கு மேல் சமத்துவத்தைப் போதித்த மிஷனுக்கு, தன் மூத்த ஊழியர் ஒரு சாம்பவப் பெண்ணோடு ஒரே வீட்டில் வாழ்வது செரிக்கவில்லை. சக மிஷனரிகள் எதிர்த்தார்கள். மீட் மிஷனைவிட்டு விலகினார். 1855இல் திருவிதாங்கூர் அரசுப் பள்ளிகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்று, 1873இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். மீட் பெயரைச் சொல்லும் விழாக்களில் அச்சகம் வரும், ஆலயம் வரும். லோயிஸ் வருவது அரிது. அவர் என்ன நினைத்தார், ஊர் அவரை என்ன சொன்னது என்பதை அவர் வாய்மொழியாக யாரும் அச்சில் ஏற்றவில்லை. அச்சகம் இருந்தது நம் ஊரில்தான். ஆனால் அது நம் கையில் இல்லை.

அச்சு நம் கைக்கு வந்தது சென்னையில். இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். நாலு பக்கம், இரண்டணா. கையிலிருந்து போட்ட முதல் பத்து ரூபாய். இரண்டு நாளில் சுமார் நானூறு பிரதிகள் விற்றதாகத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதுகிறார். இரண்டு ஆண்டுக்குள் சொந்தமாக அச்சு இயந்திரம் வைத்தார். வசையாக எறியப்பட்ட சாதிப் பெயரையே பத்திரிகையின் நெற்றியில் பெரிய எழுத்தில் அடித்தார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை இராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. அவர் மறைவுக்குப் பிறகு கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே ஜி. அப்பாதுரையார் அந்த இதழை மீண்டும் நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டுக் காத்தது. அந்தச் சிறு பதிப்புகள் கையில் கிடைத்திராவிட்டால், அயோத்திதாசர் என்ற பெயரே நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்காது. தமிழ் முதுகலை படித்த காலத்தில் என் வகுப்பில் அவர் பெயரை ஆசிரியர்கள் எவரும் உச்சரித்ததில்லை.

நாகர்கோவிலுக்குத் திரும்புவோம். மிஷன் அச்சகத்துக்குப் பிறகு காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் வந்தது, பிறகு ஆஃப்செட், பிறகு கம்ப்யூட்டர். கல்யாணக் கார்டு சிவகாசியிலிருந்து வெற்று அட்டையாக வந்து இங்கே பெயர் மட்டும் ஏறுகிறது. பிளெக்ஸ் வந்தபோது ஊர் இளைஞர்கள் முகமே அச்சேறியது. சேரி இளைஞன் முகம் ஆளுயரத்தில் முக்கில் நின்றால் சிலருக்குக் கண் எரிகிறது. இரவில் கிழிபடும், காலையில் வழக்கு வரும். 2019 செப்டம்பரில் சென்னையில் சுபஸ்ரீ பேனர் விழுந்து இறந்த பிறகு நீதிமன்றத்தின் கண்டிப்பு கூடியது. சாலையோரப் பேனர் ஒழிவதில் எனக்கு வருத்தமில்லை. யாருடைய பேனர் அகற்றப்படுகிறது, யாருடையது பார்த்தும் பாராமல் விடப்படுகிறது என்பதே கேள்வி.

கொடை நோட்டீசிலும் இதே கதை. தலைக்கட்டு வரி கொடுத்தவர்கள், நிர்வாகிகள், உபயதாரர்கள் என்று பெயர்கள் நிறையும். முரசும் தப்பும் அடித்தவர்கள் ‘மேளம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். அச்சகக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை, எழுதிக் கொடுத்ததை அவர் அடிக்கிறார். எழுதிக் கொடுக்கும் இடத்தில் நாம் இருக்கிறோமா?

இன்று நம் பிள்ளைகள் அச்சகத்தோடு ஒட்டிய ஜெராக்ஸ் கடையில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள், சாதிச் சான்றிதழோடு. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே அண்ணன் ‘இந்து சாம்பவர்’ என்று பட்டியல் சாதியிலும், தம்பி ‘கிறிஸ்தவ சாம்பவர்’ என்று பிற்படுத்தப்பட்டோரிலும் நிற்பது நம் தெருக்களில் சாதாரணம். சுடுகாட்டுப் பாதை இருவருக்கும் ஒன்றே. ஒரு விஷயத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோராக இருந்தாலும், மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவ மாணவர்களுக்கும் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகக் கல்வி உதவித்தொகை உண்டு. ‘உனக்குக் கிடையாது’ என்று கவுண்டரில் யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். கல்லூரி அலுவலகத்திலும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் எழுத்தில் பதில் கேளுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. தாத்தா பெட்டியில், பரணில், பழைய பைபிளுக்குள் மடித்து வைத்த காகிதங்கள் இருக்கும்: சங்கத்து ரசீது, அறுபது எழுபதுகளின் கல்யாண அழைப்பிதழ், ஊர் நூலகத் திறப்பு நோட்டீஸ், ஒரு கூலிப் போராட்டத் துண்டறிக்கை. அவற்றின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் செல்போனில் ஒரு படம் எடுங்கள். பின்புறத்தையும் சேர்த்து எடுங்கள். மொய்க்கணக்கைப் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள்.