தலைமேல் நிற்கும் புள்ளி

எழுத்தின் உடலைக் கற்பிப்பதில் நாம் காட்டும் அக்கறையை அதன் தலைமேல் நிற்கும் குறிக்குக் காட்டுவதில்லை. ஆயினும் பல வேளைகளில் சொல்லின் பொருளைக் காப்பது அக்குறியே. பாகாயம் முதல் ஆம்பூர் வரை தோல் தொழிலால் பெயர்பெற்ற நம் வட்டாரத்திலிருந்தே ஒரு சான்று காண்போம். 'தொல்' என்பது பழமை. 'தோல்' என்பது நாம் பதனிடும் பொருள். இன்று இவ்விரண்டையும் கொம்பின் வடிவம் பிரித்துக் காட்டுகிறது. முற்காலத்தில் அவ்வேறுபாடு ஒரு புள்ளியில் நின்றது.

மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியும். ஆகவே 'எரி' எனப் படிப்பதா, 'ஏரி' எனப் படிப்பதா என்பதை இடம் நோக்கியே உணர வேண்டியதாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இவ்விடர்ப்பாட்டை நீக்கினார். அதன்பின் புள்ளி மெய்க்கே உரியதாயிற்று.

அரபு எழுத்திலும் இதற்கு நிகரான குறி உண்டு. உயிரொலி சேராத எழுத்தின் மேல் இடப்படும் சிறு வட்டத்திற்குச் 'சுகூன்' என்று பெயர். அமைதி என்பது அதன் பொருள். அகர, இகர, உகர ஒலிகளைக் காட்டும் குறிகளை உருது பயில்வோர் ஸபர், ஸேர், பேஷ் என்பர். அரபுத்தமிழ் கண்ட நம் முன்னோர், அரபியில் இல்லாத ங, ட, ப முதலிய ஒலிகளுக்கு, இருந்த எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். ஒரு புள்ளியின் ஆற்றலை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இனி, தட்டெழுதும் முறையை நோக்குவோம். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளிக்குரியது நகரா விசை. அதனை முதலில் தட்டினால் தாள் நகராது நிற்கும்; அடுத்துத் தட்டும் மெய் அப்புள்ளியின் கீழ் வந்து அமையும். கணினியிலோ வரிசை நேர்மாறானது: எழுத்து முன்னர், புள்ளி பின்னர். 1999இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரம் தானே புள்ளி பெற்று 'க்க' என்றாகும். நம் சொற்களில் வல்லினம் இரட்டிக்கும் இயல்பை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

ஆனால் பெயரில் ஒரு குறை நேர்ந்துவிட்டது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு முறை, நம் புள்ளிக்கு 'விராமா' என்னும் வடமொழிப் பெயரையே முதற்பெயராக இட்டது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அதன் விதி. 'புள்ளி' என்பது அங்கே துணைக் குறிப்பாகவே இடம்பெறுகிறது.

அட்டவணையில் உள்ள பெயரை மாற்ற நம்மால் இயலாது. நம் நாவில் உள்ள பெயரைக் காக்க இயலும். மாணவர்களே, அதனைப் 'புள்ளி' என்றே வழங்குங்கள். தட்டெழுதி முடித்தபின் ஒவ்வொரு மெய்யின் தலையையும் ஒருமுறை நோக்குங்கள். இல்லத்தில் அரபுத்தமிழ் ஏடு இருப்பின், அதனைப் படிக்கத் தெரிந்த பெரியவரிடம் இன்றே அமர்ந்து, அதன் குறிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மறந்த குறியை அடுத்த தலைமுறை வெறும் கறையென்றே எண்ணும்.