சீரியலைக் காதால் பார்ப்பவர்கள்

குமாரலிங்கபுரம் பக்கம் இரவு எட்டு மணிக்கு ஏதாவது ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். டிவி முன்வீட்டில் ஓடும். பார்க்க வேண்டியவர் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருப்பார். "மாமியாக்காரி வந்துட்டா போல" என்று அங்கிருந்தே சொல்வார். அந்த மாமியாருக்கென்று போட்ட இசை காதில் விழுந்தால் போதும், திரை தேவையில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தொடர்கதையைக் காதால் கேட்கும் பழக்கம் டிவியைவிட வயதில் மூத்தது. கியூபாவின் ஹவானாவில் 1865 முதலே சுருட்டு ஆலைகளில் வாசிப்பாளர்கள் இருந்தார்கள். புகையிலை சுருட்டுகிறவர்களுக்குக் கைதான் வேலை, காது சும்மா இருக்கும். எனவே அவர்களே காசு போட்டு ஓர் ஆளை அமர்த்தி, செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிக்கச் சொன்னார்கள். நாவல் ஒரே நாளில் முடியாது, மிச்சம் நாளைக்கு.

அதே ஹவானாவில்தான் 1948-இல் ஃபெலிக்ஸ் கைக்னெட் எழுதிய ‘பிறக்கும் உரிமை’ என்ற வானொலித் தொடர் ஊரையே கட்டிப்போட்டது. பிறக்கவே கூடாது என்று தாத்தா நினைத்த குழந்தை, வேலைக்காரம்மாவின் கையில் வளர்ந்து டாக்டராகிறது. உண்மை தெரிந்த தாத்தா தோன் ரஃபேலுக்குப் பக்கவாதம் வந்து வாய் அடைத்துப்போகிறது. பேரன் யாரென்று அவர் எப்போது சொல்வார்? கேட்பவர்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். தாத்தாவாக நடித்தவர் சம்பளம் கூடக் கேட்டதால்தான் எழுத்தாளர் வாயை அடைத்தார் என்று ஒரு கதையும் உண்டு. வானொலியில் ஊமைப் பாத்திரத்தை வைத்து ஆர்வத்தைக் கூட்டியவரை என்னவென்று சொல்வது!

தொடர்கள் டிவிக்கு வந்தபோதும் கதை எழுதியவர்கள் பலர் வானொலிக்காரர்களே. 1979-இல் மெக்சிகோவின் தெலெவிசா நிறுவனம் எடுத்த ‘பணக்காரர்களும் அழுவார்கள்’ தொடரின் மூலக்கதை கியூப வானொலி எழுத்தாளர் இனெஸ் ரொதேனாவுடையது. வெரோனிகா காஸ்த்ரோ நடித்த ஏழைப்பெண் மரியானா, பெற்ற பிள்ளையை இழந்து தேடி அலைகிறாள். 1990-களின் தொடக்கத்தில் இது ரஷ்யாவில் ஓடியபோது தெருக்கள் வெறிச்சோடின என்பார்கள்.

படப்பிடிப்பில் ஒரு விசித்திரம் கவனிக்கத்தக்கது. தெலெவிசா நடிகர்கள் பலரின் காதுக்குள் சின்ன இயர்போன் இருக்கும். மறைவில் ஒருவர் வசனம் வாசிக்க, அதைக் கேட்டுக் கேட்டே பேசுவார்கள். தினம் ஒரு எபிசோடு வேண்டுமென்றால் மனப்பாடம் செய்ய நேரம் ஏது? நம்மூர் செட்டில் உதவி இயக்குநர் கேமராவுக்கு வெளியே நின்று பிராம்ப்ட் கொடுப்பார், டப்பிங்கில் சரிசெய்துகொள்வார்கள். காதலைச் சொல்லுமுன் நடிகர் வெறித்துப் பார்க்கும் அந்த நீண்ட இடைவெளியில், பாதி நடிப்பு, பாதி அடுத்த வரிக்கான காத்திருப்பு.

இந்தியாவுக்கு டிவி தொடர்கதை வந்தது 1984-இல், தூர்தர்ஷனின் ‘ஹம் லோக்’ வழியாக. குடும்பக் கட்டுப்பாடு போன்ற செய்திகளைக் கதையில் கலக்கும் மெக்சிகோ முறைதான் அதற்கு முன்மாதிரி. அது 150-சொச்சம் எபிசோடில் முடிந்துவிட்டது. மெக்சிகோக்காரர்களும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் நாயகிக்குக் கல்யாணம் பண்ணி வைத்துக் கதையை முடித்துவிடுவார்கள். தமிழில் 1999-இல் வந்த ‘சித்தி’க்குப் பிறகு கணக்கே மாறியது. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடைத் தாண்டியது. விளம்பரம் வந்துகொண்டிருக்கும்வரை கதை ஓடவேண்டும். அதற்குத் தோன் ரஃபேல் ஒருவர் போதாது. அதனால்தான் நம் தொடர்களில் உண்மை தெரிந்தவர் ஒவ்வொருவராகக் கோமாவுக்குப் போகிறார்.